பூட்டிய அறையில் ஒரு விரிசல்

சாவி அண்ணியின் கழுத்தில் தொங்கியது. நேற்றுக் காலை ஒன்பது மணியிலிருந்து அங்கேதான் தொங்குகிறது. குளிக்கப் போனபோதுகூட அவள் அதைக் கழற்றவில்லை. "என்ன, பேங்க் லாக்கரா?" என்று அவள் புருஷன் லிஃப்ட்காரர் ஒரே ஒரு தடவை கேட்டார். பதிலுக்குக் கிடைத்த பார்வையில் அவர் காபியைப் பாதியிலேயே வைத்துவிட்டு எழுந்துவிட்டார்.

போன வாரம் வெளியூர் போயிருந்தவர்களுக்காக இரண்டு வார்த்தை. மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த வீட்டுப் பின்னறையில் மின்சாரச் சூளை ஒன்று இருக்கிறது. பெரிய துணிப்பெட்டி அளவு, மேலே தூக்கும் மூடி. கண்ணாடித் துண்டுகளை உள்ளே அடுக்கி எண்ணூறு டிகிரி வரை சுட்டால், அவை இளகி ஒன்றோடொன்று ஒட்டி ஒரே பலகையாகிவிடும். அப்புறம் ஒரு ராத்திரி முழுக்க மெதுவாக ஆறவிட வேண்டும். ஜன்னலுக்கும் கதவுக்கும் இப்படிப் படம் போட்ட பலகைகள் செய்து கொடுப்பவர்கள் இரண்டு பேர். ஒருத்தி அண்ணி, தெருவில் அவளைவிட மூத்தவர்கள்கூட அவளை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். இன்னொருத்தி அவளுடைய நாத்தனார், லிஃப்ட் மெக்கானிக்கான அவள் புருஷனின் தங்கை. வயது முப்பத்தொன்று ஆகிவிட்டது, வீட்டில் இன்னும் அவள் வாண்டுதான். வரைவதும் வெட்டுவதும் வாண்டு. சூளையும் சுத்தமும் அண்ணி.

புது கிளினிக் திறக்கப்போகும் பல் டாக்டருக்காக ஒரு குளம் போட்ட பலகையை ஆரம்பித்தார்கள். மூன்று தடவை சுட்டார்கள், மூன்று தடவையும் விரிசல். மூன்றாவது உடைசலின் ஓரத்தை அண்ணி விரலால் தடவிப் பார்த்தாள். கத்தி மாதிரி கூராக இருந்தது. சூடேறும்போது உடைந்திருந்தால் பிற்பாடு அந்த ஓரம் இளகி மழுங்கியிருக்கும். ஆகவே இது ஆறும்போது உடைந்தது. ஆறிக்கொண்டிருக்கும் சூளையின் மூடியை யாரோ தூக்கிப் பார்த்திருக்கிறார்கள், குளிர்ந்த காற்று பட்டிருக்கிறது. அந்த வீட்டில் எதையும் எட்டிப் பார்க்கிற ஆள் யார் என்று யாரும் யாரையும் கேட்கத் தேவையில்லை.

"நான் மூடியைத் தொடவே இல்லை அண்ணி" என்றாள் வாண்டு. அண்ணி நம்பவில்லை. நம்பவில்லை என்பதைச் சாப்பாட்டு மேஜையில், பக்கத்து வீட்டுக்காரி குழம்புக் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்க வந்து நின்றபோது சொன்னாள்.

மறுநாளே வாண்டுவுக்கு ஒரு கடிதம் வந்தது. வேறு ஊரில் ஓடு தயாரிக்கும் தொழிற்சாலையில் வடிவமைப்பாளர் வேலை. சம்மதமா இல்லையா என்று இன்று மாலை ஆறு மணிக்குள் சொல்ல வேண்டும்.

அண்ணி அந்த வீட்டுக்கு மருமகளாக வந்தபோது வாண்டுவுக்குப் பத்து வயது. தலை பின்னிவிட்டதும், கணக்குப் பாடத்தில் முட்டை வாங்கிய தாளை ஒளித்துவைக்க உதவியதும் அண்ணிதான். அவள் இல்லாத வீட்டை அண்ணியால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. ஆனால் 'போகாதே' என்று வாய்விட்டுச் சொல்வது அண்ணிக்கு வராத வித்தை. அதற்குப் பதிலாக நாலாவது பலகையைச் சூளையில் வைத்து, பின்னறைக் கதவைப் பூட்டி, சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். இந்தப் பலகை பிழைத்துவிட்டால் வாண்டுவும் தங்கிவிடுவாள் என்பது அவள் கணக்கு.

காலை எட்டரைக்குப் பூட்டைத் திறந்தாள். மூன்று பேரும் உள்ளே போனார்கள். சூளையின் பக்கவாட்டில் இருந்த கன்ட்ரோலர் முப்பத்தெட்டு டிகிரி காட்டியது. மூடியைத் தூக்கினாள்.

பச்சைக் கரை, வெள்ளைக் கொக்கு, நடுவில் வெளிர்நீலத் தண்ணீர். எல்லாம் அழகாக உருகி ஒட்டியிருந்தது. தண்ணீரின் குறுக்கே ஒரு விரிசல் நீளமாக ஓடியிருந்தது.

அண்ணியின் முகத்தில் ஈயாடவில்லை. லிஃப்ட்காரர் கதவுப் பக்கம் போய்ப் பூட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பூட்டு நல்லாத்தான் இருக்கு" என்றார். அதை இப்போது சொல்ல வேண்டிய அவசியம் இல்லைதான்.

வாண்டு பலகையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். ஜெயித்துவிட்ட களை அவள் முகத்தில் இல்லை, அதுதான் அண்ணியை இன்னும் சங்கடப்படுத்தியது. "என் கைராசி அவ்வளவுதான் போலிருக்கு அண்ணி. விடுங்க" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டாள்.

அண்ணிக்குக் கோபம் வந்தாலும் வெட்கம் வந்தாலும் ஒரே மருந்துதான்: எதையாவது சுத்தம் செய்வாள். உடைந்த பலகையை மேஜைக்கு மாற்றினாள். மூக்குக்கு முகமூடி கட்டிக்கொண்டு, சூளைத் தட்டின் மேல் இருந்த வெள்ளைப் பூச்சைத் தட்டையான கரண்டியால் சுரண்ட ஆரம்பித்தாள். கண்ணாடி உருகித் தட்டோடு ஒட்டிவிடாமல் காப்பது இந்தப் பூச்சுதான். ஒருமுறை எண்ணூறைத் தொட்டுவிட்டால் அதற்கு ஆயுசு முடிந்தது. சுரண்டி எடுத்து, ஈரப் பஞ்சால் துடைத்து, புதுப் பூச்சைக் கரைத்து, பூனைமயிர் மாதிரி மெத்தென்ற அகலப் பிரஷ்ஷால் நாலு திசையிலும் நாலு கை பூச வேண்டும். அவசரப்பட்டால் பிரஷ் கோடு அப்படியே கண்ணாடியில் பதிந்துவிடும்.

சுரண்டச் சுரண்ட, வெட்கம் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னுக்குப் போய் வேறொன்று முன்னுக்கு வந்தது. யாரும் மூடியைத் தொடவில்லை. அறை பூட்டியிருந்தது. அப்படியானால் இது ஏன் உடைந்தது?

பூச்சுதான் காரணமோ என்று முதலில் நினைத்தாள். ஆனால் பலகையின் அடிப்பக்கம் தட்டில் எங்கேயும் ஒட்டவில்லை, வழவழவென்று வந்திருந்தது. அடுத்து வெப்பம் காட்டும் கம்பி மேல் சந்தேகம் போனது. சூளைக்குள் மூக்கை நீட்டிக்கொண்டிருக்கும் அந்தச் சின்னக் கம்பி பழசாகிப்போனால் பொய் சொல்ல ஆரம்பித்துவிடும் என்று கேள்விப்பட்டிருக்கிறாள். லிஃப்ட்காரரைக் கூப்பிட்டாள்.

அவருக்கு அன்று ராத்திரிதான் வேலை. தன் கருவிப் பையிலிருந்து இன்னொரு மீட்டரை எடுத்து, கம்பிக்குப் பக்கத்திலேயே அதன் முனையை வைத்து, காலிச் சூளையை முந்நூறு வரை ஏற்றிப் பார்த்தார். இரண்டுக்கும் வித்தியாசம் இரண்டே டிகிரி. மூடியின் உட்புறம் ஓடும் சுருள்கம்பிகள் அத்தனையும் ஒழுங்காகச் சூடேறின. அவர் சுற்றிச் சுற்றி வந்து தட்டிப் பார்த்துவிட்டு, இவ்வளவு ஒழுங்காக இருக்கும் மெஷினைத் தன் கட்டடங்களில் ஒன்றில்கூடப் பார்த்ததில்லை என்றார். அண்ணிக்கு அந்தப் பாராட்டு காதில் ஏறவில்லை. சூளை பழுதாக இருந்திருந்தால் எவ்வளவு நிம்மதி என்று தோன்றியது.

பூச்சு இல்லை, கம்பி இல்லை, சுருள் இல்லை, வாண்டு இல்லை. மீதி இருப்பது கண்ணாடிதான்.

முதல் மூன்று உடைசல்களையும் அண்ணி வந்த கோபத்தில் குப்பைத் தொட்டியில் போட்டவள். ஒன்றையாவது உட்கார்ந்து பார்த்தாளா என்றால் இல்லை. இப்போது கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு நாலாவதைப் பார்த்தாள். தூரத்தில் நேராகத் தெரிந்த விரிசல், கிட்டத்தில் நேராக இல்லை. சில நீலத் துண்டுகளின் ஓரத்தோடு வளைந்து வளைந்து ஒட்டிப் போயிருந்தது. வேறு சில நீலத் துண்டுகளை அது சட்டையே செய்யவில்லை. பச்சையைத் தொடவில்லை, கொக்கைத் தொடவில்லை.

ஒரே நீலம். ஒரே ஜாடியிலிருந்து எடுத்த நீலம். சிலதுக்கு மட்டும் என்ன கோளாறு?

சூளைக்கு வருவதற்கு முன்னால் அண்ணி ஒரு பள்ளிக்கூடத்தில் பௌதிக ஆய்வுக்கூட உதவியாளராகப் பன்னிரண்டு வருஷம் இருந்தாள். அங்கே ஒரு பரிசோதனை உண்டு. இரண்டு கறுப்பு ஃபிலிமுக்கு நடுவில் ஒரு பிளாஸ்டிக் ஸ்கேலை வைத்து விளக்கைப் போட்டால், ஸ்கேலுக்குள் இழுபறி இருக்கிற இடமெல்லாம் ஒளியாகத் தெரியும். வருஷா வருஷம் அதை எடுத்து வைத்தவள் அவள், துடைத்து உள்ளே வைத்தவளும் அவள். நடுவில் ஒருநாளும் குனிந்து பார்த்ததில்லை. கண்ணாடிக்கும் அது செல்லுமோ?

கறுப்பு ஃபிலிமுக்கு எங்கே போவது? "என்னங்க, உங்க கூலிங் கிளாஸ் அந்த மாதிரிதானே? வெயில்ல போன் திரை தெரியலைன்னு திட்டுவீங்களே?"

லிஃப்ட்காரர் எடுத்துக் கொடுத்தார். இன்னொரு ஃபிலிம் லேப்டாப் திரைக்குள்ளேயே உண்டு; அண்ணி அதில் ஒரு வெள்ளைப் பக்கத்தைத் திறந்தாள். கூலிங் கிளாஸைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து மெல்லத் திருப்பினாள். ஒரு கட்டத்தில் வெள்ளைத் திரை அடியோடு கறுத்தது. "கரன்ட் போச்சா?" என்று அவளே ஒரு நிமிஷம் பயந்தாள். அப்புறம் உடைந்த பலகையின் ஒரு பாதியை அவரைத் திரைக்கு முன்னால் தூக்கிப் பிடிக்கச் சொன்னாள்.

கண்ணாடி கறுப்பாக இருந்தது. கரை கறுப்பு, கொக்கு கறுப்பு. தண்ணீருக்குள் மட்டும் அங்கொன்று இங்கொன்றாக ஏழெட்டு நீலத் துண்டுகளைச் சுற்றி வெள்ளையாக ஒரு விளிம்பு எரிந்தது. பக்கத்திலேயே, அச்சு அசலாக அதே நிறத்தில் இருந்த துண்டுகள் இருட்டாகக் கிடந்தன.

அண்ணி இன்னும் கிட்டே குனிந்தாள். இவ்வளவு அழகான ஒன்றை அவள் பார்த்து ரொம்ப நாளாகிறது. "கொஞ்சம் இடது பக்கம். இன்னும் கொஞ்சம். அசையாதீங்க" என்று அவரைப் படுத்தி எடுத்தாள். அவருக்கும் பார்க்க ஆசை. ஆனால் யாராவது ஒருவர் பிடிக்க வேண்டுமே.

இதன் அர்த்தம் அவளுக்கு மெதுவாகத்தான் உறைத்தது. கண்ணாடியில் வகைகள் உண்டு. சூட்டில் ஒவ்வொரு வகையும் ஒவ்வொரு அளவு விரியும், ஆறும்போது அதே அளவு சுருங்கும். அந்த அளவுக்கு ஒரு எண் உண்டு. இவர்கள் வாங்குவது எப்போதும் தொண்ணூறு என்ற வகைதான். வேறு வகையைக் கூட வைத்துச் சுட்டால், உருகும்போது சமர்த்தாக ஒட்டிக்கொள்ளும். ஆறும்போது ஒன்று அதிகமாகச் சுருங்கி மற்றதைப் பிடித்து இழுக்கும். இழுத்து இழுத்து ஒரு கட்டத்தில் பட்டென்று விரிசல் விடும். மூடியைத் திறந்தாலும் திறக்காவிட்டாலும் விடும்.

வேறு வகை நீலம் ஜாடிக்குள் எப்படி வந்தது?

அலமாரியைப் பார்த்தாள். வரிசையாக ஜாடிகள். ஒவ்வொன்றிலும் அவள் கையெழுத்தில் சீட்டு: பச்சை கரும், பச்சை இளம், நீலம் கரும், நீலம் வெளிர். நாலு மாசத்துக்கு முன் வாண்டு தோழியின் வீட்டுக்கு இரண்டு வாரம் போயிருந்தபோது, அண்ணி அந்த அலமாரியைக் கவிழ்த்துப்போட்டு ஒழுங்கு செய்தாள். அதுவரை அட்டைப் பெட்டியும் பிஸ்கட் டப்பாவுமாக அது கண்றாவியாக இருந்தது. துண்டுகளை எல்லாம் சோப்புப் போட்டுக் கழுவி, பேனாக் கிறுக்கல்களை ஸ்பிரிட்டால் துடைத்து, நிறம் பார்த்து ஜாடிகளில் போட்டாள். மேல் தட்டில் தனியாக ஒரு தகரப் பெட்டி நிறைய வெளிர்நீலம் இருந்தது. நம் நீலம்தானே, ஏன் தனியாகத் தவம் கிடக்கிறது என்று அதையும் ஜாடியில் கொட்டினாள். வாண்டு திரும்பி வந்து "என் சின்னப் பெட்டி எங்கே அண்ணி?" என்றபோது, "எல்லாம் பத்திரமா எடுத்து வெச்சிருக்கேன்" என்று பெருமையாகச் சொன்னாள்.

அந்தத் தகரப் பெட்டியில் இப்போது சட்டைப் பொத்தான்கள் இருக்கின்றன. அண்ணி தையல் மெஷின் இழுப்பறையிலிருந்து அதை எடுத்தாள். பொத்தான்களை மேஜையில் கொட்டினாள். அடிப்பக்கம் வாண்டுவின் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது: 'வகை 96. என் காதணிச் சோதனைக்கு. மற்றதோடு கலக்கக் கூடாது.'

ஒவ்வொரு துண்டின் மூலையிலும் இருந்த அந்தக் கிறுக்கலும் இதேதான் போலிருக்கிறது. அழுக்கு என்று கண்ணில் பட்டுவிட்டால் அண்ணி துடைப்பாள். படித்துப் பார்க்க மாட்டாள்.

நாலு பலகை. ஒரு மாசம். தன்னை நம்பாத வீட்டில், தன் கைராசியே சரியில்லை என்று தானே நம்பிப்போன ஒரு பெண். எல்லாவற்றுக்கும் காரணம் கூலிங் கிளாஸைப் பிடித்துக்கொண்டு இங்கே உட்கார்ந்திருக்கிறது.

லிஃப்ட்காரர் பெட்டியின் அடியைப் படித்தார். மனைவியின் முகத்தையும் படித்தார்.

"கடைக்காரன் கலந்து அனுப்பிட்டான்னு சொல்லிடு. அவளுக்கும் மனசு ஆறிடும், உனக்கும் ஒண்ணும் ஆகாது."

அண்ணி உடனே வேண்டாம் என்று சொல்லிவிட்டாள் என்று எழுத எனக்கும் ஆசைதான். சொல்லவில்லை. அரை மணி நேரம் யோசித்தாள். பொத்தான்களை அளவுவாரியாகப் பிரித்தாள். மறுபடி கலந்தாள். தன்னைவிடச் சின்னவர்கள் யாரிடமும் அவள் இதுவரை தப்பு என்னுடையது என்று சொன்னதில்லை. அந்த வாக்கியம் எப்படி ஆரம்பிக்கும் என்றே தெரியவில்லை. கடைக்காரன் கதை நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அதைச் சொன்னால் வாண்டு இருந்தாலும் இருப்பாள். ஆனால் அந்தப் பொய்யோடு அவளுக்கு எதிரே தினமும் உட்கார்ந்து கண்ணாடி கழுவ வேண்டும். அதை நினைத்ததும் எழுந்தாள். லேப்டாப்பையும், பெட்டியையும், கூலிங் கிளாஸையும், பலகையின் பாதியையும் சுமந்துகொண்டு மாடி ஏறினாள். மணி நாலேகால்.

வாண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் செய்தித்தாளில் சுற்றிய கண்ணாடித் துண்டுகள் இருந்தன. முதல் மூன்று உடைசல்களும்தான். அண்ணி தொட்டியில் எறிந்ததை அவள் பொறுக்கி எடுத்து இத்தனை நாளும் வைத்திருந்திருக்கிறாள்.

"எதுக்கு இதை வெச்சிருக்கே?"

"ஏன் உடைஞ்சுதுன்னு தெரியணுமே. தினமும் பாக்கறேன், புரிய மாட்டேங்குது."

அண்ணி லேப்டாப்பைத் திறந்து வைத்தாள். கூலிங் கிளாஸை நீட்டி, எப்படித் திருப்ப வேண்டும் என்று காட்டினாள். வாண்டு ஒரு துண்டைத் திரைக்கு முன்னால் பிடித்தாள். அப்புறம் அவளைக் கேட்கவே வேண்டாம். முதல் பலகை, இரண்டாவது, மூன்றாவது என்று ஒவ்வொன்றாக எடுத்தாள். எல்லாவற்றிலும் அந்த வெள்ளை விளிம்பு எரிந்தது. தலைகீழாகப் பிடித்தாள், கண்ணாடியைத் திருப்பினாள், ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள். பத்து வயதில் பாக்கெட் ரேடியோவைப் பிரித்துப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்த அதே முகம். அண்ணிக்கு அந்த முகத்தின் மேல் அளவில்லாத பாசம் பொங்கியது. இப்போதே சொல்லாவிட்டால் என்றைக்கும் சொல்லப்போவதில்லை என்று தோன்றியது.

தகரப் பெட்டியைக் கவிழ்த்து அடிப்பக்கம் தெரியும்படி கட்டிலில் வைத்தாள்.

"கலந்தது நான்தான். நீ ஊர்ல இல்லாதப்போ. எழுதியிருந்ததைப் படிக்காம துடைச்சேன், படிக்காம கொட்டினேன். நீ மூடியைத் திறந்தேன்னு எல்லார் முன்னாலயும் சொன்னேன். தப்பு என்னுது. உன் கை மேல ஒரு குத்தமும் இல்லை."

வாண்டு பெட்டியைப் பார்த்தாள். கண் நிரம்பியது. ஆனால் அவள் சிரித்தாள். "அப்ப கைராசி இல்லையா இது?" என்று இரண்டு தடவை கேட்டாள். அவள் தன் கைகளைத் திருப்பிப் பார்த்துக்கொண்டது அண்ணிக்குத் தாங்கவில்லை.

சிரித்துவிட்டாளே என்று அண்ணிக்குத் தைரியம் வந்தது. இதுவரை வராத வித்தையும் அந்தத் தைரியத்தில் வந்தது. "போகாதே. இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கு. வரலைன்னு எழுதிடு."

வாண்டு செய்தித்தாளை மறுபடி மடித்துச் சுற்றினாள்.

"நேத்தே சம்மதம் அனுப்பிட்டேன் அண்ணி. ஒண்ணாம் தேதி சேரணும்."

அண்ணிக்கு ஒன்றும் புரியவில்லை. இன்றைக்குத்தானே கடைசி நாள், பலகை முழுசாக வந்துவிடும் என்றுதானே எல்லோரும் இருந்தோம், உடையும் என்று நேற்றே எப்படித் தெரியும் என்று கேட்டாள்.

"உடையும்னு நினைச்சு அனுப்பலை. முழுசா வந்துடும்னு நினைச்சுத்தான் அனுப்பினேன். வந்திருந்தா நீங்க என்ன சொல்லியிருப்பீங்க?"

என்ன சொல்லியிருப்பாள் என்று அண்ணிக்கு வார்த்தை பிசகாமல் தெரியும். நேற்று கன்ட்ரோலரைப் பார்த்துக்கொண்டே மனதுக்குள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்திருந்தாள்: 'பாத்தியா, யாரும் மூடியைத் தொடலைன்னா எவ்வளவு நல்லா வருது.'

கீழே லிஃப்ட்காரர் பல் டாக்டரிடம் போனில் ஏதோ பேசிக்கொண்டிருந்தார். ஒண்ணாம் தேதிக்கு இன்னும் எட்டு நாள் இருந்தது. அண்ணி கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள், செய்தித்தாளை மறுபடி பிரித்து ஒரு துண்டை வாண்டுவிடம் நீட்டினாள்.